வேலி போடும் கால்குலஸ்

கே: பிளஸ் டூவில் கால்குலஸ் படிக்கிறேன். ஊரில் விவசாயம் பார்க்க அது உதவுமா?
(வாசகர், திண்டிவனம்)

ப: சென்ட் கணக்கில் உதவும்! விழுப்புரம் பக்கம் தென்பெண்ணைக் கரையோரம் நிலம், கையில் 120 மீட்டர் வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் பக்கம் வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கமும் 40 மீட்டராகச் சதுரம் வளைத்தால் 1,600 சதுர மீட்டர்தான் தேறும். அகலம் ‘அ’ என்றால் பரப்பு அ(120−2அ). வகையிட்டால் 120−4அ. பரப்பு உச்சிக்குப் போகும் இடத்தில் இது பூஜ்ஜியம். ஆக அகலம் 30, நீளம் 60, பரப்பு 1,800! அதே வேலியில் ஏறக்குறைய 5 சென்ட் கூடுதல். அரையடி வரப்புக்கே பஞ்சாயத்து கூட்டுகிற சீமை நம்முடையது, இதை விடலாமா? அதில் உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. நிலக்கடலையை விதையுங்கள். கணக்கு வாத்தியாருக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.