பக்கத்து மனையில் மோட்டார், நம் வீட்டில் விரிசல்

கேள்வி: பக்கத்து மனையில் தரைக்கடியில் கார் நிறுத்தப் பள்ளம் தோண்டி, ராப்பகலாக மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறார்கள். எங்கள் சுவரில் விரிசல் விடுகிறதே, ஏன்?

பதில்: மனைக்குப் பட்டா உண்டு, நிலத்தடி நீருக்கு ஏது எல்லைக்கல்? அங்கே இறைத்தால் உங்கள் வீட்டடியிலும் நீர்மட்டம் இறங்கும். பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிய நீர் போனதும், அந்தச் சுமையும் மண்மேல் விழும்; மண் அமுங்கி, வீடு சமமில்லாமல் இறங்கும்போது சுவர் விரிசல் விடும். அமுங்கிய களிமண், நீர் திரும்பினாலும் முழுசாக எழாது.

ஷாங்காய் பட்டுத் தெளிந்த ஊர். நிலத்தடி நீரை உறிஞ்சியே 1921 முதல் 1965-க்குள் சில இடங்கள் 2.6 மீட்டர் வரை தாழ்ந்தன. பிறகு இறைப்பதைக் குறைத்தார்கள். குளிர்காலத்தில் குளிர்ந்த நீரைக் கிணறு வழியே உள்ளே செலுத்தி, கோடையில் அதையே எடுத்துப் பஞ்சாலைகளைக் குளிர்வித்தார்கள். என்ன சமர்த்து!

கட்டடப் பள்ளத்துக்கும் வழி உண்டு: நீர் புகாத அடுக்கு வரை சுற்றிலும் கான்கிரீட் சுவர் இறக்கி, அதற்குள் மட்டும் இறைக்க வேண்டும், வெளியே நீர்மட்டம் இறங்கினால் மீள்நிரப்புக் கிணற்றில் நீர் விட வேண்டும். செலவுதான், உங்கள் வீட்டைவிடவா?

விரிசலின் இரு முனையிலும் இன்றே பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிப் படமெடுங்கள். அது நீண்டால் உடனே கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.