அறுநூற்றுக்காரர்

சோபே ஆற்றில் படகு ஏறியதும் அவர் என்னிடம் கேட்டது பேரையோ ஊரையோ அல்ல. "உங்களுது எத்தனை மில்லிமீட்டர்?" என்றார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினேன். மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் அரைமணி நேரம் பேச்சு வார்த்தை இல்லை.

போட்ஸ்வானாவின் வடகோடியில், கசானே என்ற சிற்றூரிலிருந்து, படம் எடுப்பவர்களுக்கென்றே இந்தப் படகுகள் கிளம்புகின்றன. உள்ளே சலூன் கடை மாதிரி சுழல் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னும் லென்ஸைத் தாங்க ஒரு தண்டு. கேமரா இல்லாதவர்களுக்குப் படகுக்காரர்களே கொடுப்பதும் உண்டு. 600 மி.மீ. லென்ஸைச் சொந்தமாக வைத்திருப்பவர், இரவல் வாங்கியவரைப் பார்ப்பது வீட்டுக்காரர் குடித்தனக்காரரைப் பார்ப்பது போலத்தான்.

நம்மவரின் லென்ஸ் மூன்று கிலோ. அதற்கு இலை தழை அச்சடித்த உறை. அவருக்கும் அதே துணியில் சட்டை, தொப்பி. விலங்குகளுக்குத் தெரியக் கூடாதாம். எஞ்சின் உறுமும் படகில் எட்டுப் பேர் போகிறோம். இவர் ஒருவர் மட்டும் புதராம்!

யானை, எருமை என்ற சொற்களே அவர் வாயில் வராது. "லைட் நல்லா விழுது", "பேக்கிரவுண்ட் கெடுக்குது", அவ்வளவுதான். ஆற்றின் நடுவே செடுடு என்றொரு தீவு. அதற்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானா ஜெயித்தது. அவர் கணக்கில் அது பச்சை பேக்கிரவுண்ட்.

"அந்த நீர்யானையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியாதா?" என்று வழிகாட்டியைக் கேட்டார்.

"அது திரும்பினால் நம்மையும் திருப்பிப் போட்டுவிடும், ஐயா" என்றார் அந்த மனிதர், சிரிக்காமல்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் சிறகடித்து நின்றது. (நம்மூர் ஏரிக்கரையிலும் இதே பறவைதான். பஸ் டிக்கெட் போதும்.) வழிகாட்டி எஞ்சினை நிறுத்தி, வெயில் எங்கள் முதுகுப் பக்கம் வரும்படி படகைத் திருப்பினார். தையல் மிஷின் ஓட்டுகிற மாதிரி நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார் நம்மவர். எல்லாவற்றிலும் தண்ணீர் தெறித்திருந்தது. பறவை இல்லை.

சாயங்காலம் யானைக் கூட்டம் தீவை விட்டுக் கிளம்பியது. குட்டிகளை நடுவில் விட்டு, தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நீந்தி வந்தன. ஒரு பெரிய ஆண் யானை கரையேறி, பத்து மீட்டர் தள்ளி நின்று எங்களைப் பார்த்தது. அந்தத் தூரத்தில் 600 மி.மீ. லென்ஸில் அடங்குவது இரண்டடி அகலம். அவருக்குச் சிக்கியது ஒரு கண்ணும் நாலு சுருக்கமும். "பின்னால போ, பின்னால போ!" என்று கத்தினார். பின்னால் மணல்திட்டு. நான் செல்போனைத் தூக்கினேன். யானை, ஆறு, சிவந்த வானம் எல்லாம் வந்துவிட்டன. ஓரத்தில் கொஞ்சம் அவருடைய தொப்பியும்.

இறங்கும்போது தோளில் கை போட்டார். "தம்பி, அந்தப் படத்தை வாட்ஸ்அப்ல தட்டி விடுங்களேன்."

அனுப்பினேன். மறுநாள் முகநூலில் பார்த்தேன். தொப்பியை வெட்டியிருந்தார். மூலையில் அவருடைய கையெழுத்து. எந்த லென்ஸ் என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

"600" என்று பதில் போட்டிருந்தார்.