மானுக்குத்தான் சொந்த ஊர்

திருநெல்வேலிப் பையனுக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்தால் தெருவே கூடி வாழ்த்துகிறது. மனைவி, மூன்று வயதுப் பிள்ளை, வாஷிங் மெஷின், அம்மா கட்டிக்கொடுத்த வடகம் சகிதம் அவன் கிளம்புகிற நாளில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அங்கே போய் இவன் என்ன செய்யப்போகிறான்? லேப்டாப்பைத் திறந்து, அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற ஒருவரோடு பேசி, அவர்கள் சாஃப்ட்வேரில் உள்ள ஓட்டையை அடைக்கப்போகிறான். இதைப் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் செய்தால் ஓட்டை அடைபடாது போலிருக்கிறது. சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்தால்தான் அடைபடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதே பையன்கள் இதே வேலையைப் பரமக்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் இருந்தபடி செய்தார்கள். கம்பெனிகள் திவாலாகவில்லை, லாபம் காட்டின. நோய் அடங்கியதும் முதலாளிமார்களுக்குத் திடீரென்று கலாசாரம் ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால்தான் கம்பெனி கலாசாரம் வளருமாம். வந்து உட்கார்ந்தவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரனுக்கு சாட்டில் 'ஹாய்' சொல்கிறான். கலாசாரம் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அரசாங்கத்தைச் சும்மா சொல்லக் கூடாது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க்கைத் திறந்த கையோடு, ஓ.எம்.ஆர். சாலையிலேயே சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்களை வரிசையாக நட்டுவிட்டு, மற்ற ஊர்களையும் நினைத்துப் பார்த்தது. மதுரை இலந்தைக்குளம், திருச்சி நவல்பட்டு, சேலம் ஜாகீரம்மாபாளையம், நெல்லை கங்கைகொண்டான் என்று அரசின் எல்காட் ஐ.டி. பூங்காக்கள் வந்தன. கல்வெட்டு வந்தது, காம்பவுண்டு சுவர் வந்தது. கங்கைகொண்டானில் கம்பெனி வருவதற்குத்தான் வருஷக்கணக்கில் வழி பார்க்க வேண்டியிருந்தது. அதே கங்கைகொண்டானில் 2013-ல் புள்ளிமான்களுக்கு 288 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள். நல்ல காரியம். அந்த மான்களில் ஒன்றுக்காவது, 'வருகிற திங்கள்கிழமை முதல் நீ வண்டலூரில்தான் மேய வேண்டும்' என்று மெயில் வந்ததாகத் தகவல் இல்லை. எஞ்சினியரிங் முடித்தவனுக்குத்தான் வருகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் சின்ன டைடல்களைத் திறந்தது 2024-ல். பெரிய டைடலுக்கும் சின்னதற்கும் நடுவே இருபத்துநான்கு வருஷம். அதற்குள் ஒரு தலைமுறை பெட்டி கட்டிவிட்டது.

சரி, வந்தாயிற்று. வீடு?

வீட்டு உரிமையாளர் நாகரிகமானவர். சாதி கேட்கவே மாட்டார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். திருநெல்வேலி என்றால், "திருநெல்வேலியில எந்தப் பக்கம்?" என்பார். பக்கம் சொன்னால் தெரு. தெரு சொன்னால் குலதெய்வம். குலதெய்வத்திலும் பிடி கிடைக்கவில்லை என்றால், "வீட்ல மீன், கறியெல்லாம் செய்வீங்களா? நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், மேல் வீட்டுக்காரங்களுக்கு வாசனை ஆகாது." மேல் வீட்டில் அவர்தான் இருக்கிறார். பிறகு பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். "சுவத்துல கிறுக்குமா?"

இந்தத் தேர்வில் பாஸானவர்களுக்குப் பரிசு, பத்து மாச அட்வான்ஸ். இதற்குத்தான் சட்டம் இருக்கிறதே என்று யாராவது படித்தவர் கேட்கலாம். இருக்கிறது. 2017-ல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதோடு ஒரு வாலும் வைத்திருக்கிறார்கள்: இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர. ஜேப்படி குற்றம், பறிகொடுத்தவர் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர! நடுத்தெருவில் பிள்ளையோடும் வாஷிங் மெஷினோடும் நிற்கிறவன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? அந்த வாலை எழுதிய அதிகாரிக்குச் சென்னையில் சொந்த வீடு இருந்திருக்கும், இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸ்.

வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் இரண்டரை லட்சம். முதல் மாத வாடகை 25,000. கதவைத் திறந்து காட்டிய புரோக்கருக்கு 25,000. ஆக, பால் காய்ச்சுவதற்கு முன்பே மூன்று லட்சம். இடம் மாறுகிற செலவுக்குக் கம்பெனி ஐம்பதாயிரம் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் வருமான வரி பிடித்தது போக மிச்சம், அதுவும் ஒரு வருஷத்துக்குள் விலகினால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கேட்கிற மாமனாரைக்கூட ஊர் நாலு வார்த்தை திட்டும். ஆஃபர் லெட்டரில் இருந்தால் அது நிர்வாகத் திறமை.

இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் 2016-லிருந்து வீடுகளுக்கு இலவசம். யார் வீட்டுக்கு? மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. குடியிருப்பவனுக்கு உள்ளே தனியாக ஒரு குட்டி மீட்டர், யூனிட் பத்து ரூபாய். அரசு கொடுத்த நூறு யூனிட் மேல் வீட்டு ஏ.சி.யில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. வரிச்சலுகைக்கு வாடகை ரசீது கேட்டால் வீட்டுக்காரர் சிரிப்பார். பான் நம்பர் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். "அடுத்த மாசம் பையன் அமெரிக்காவுலேர்ந்து வர்றான், வீடு தேவைப்படுது தம்பி." அமெரிக்காவில் இவ்வளவு பிள்ளைகள் திரும்பி வர டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பது அங்கே குடியேற்றத் துறைக்குத் தெரியுமோ என்னவோ. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். அந்தப் பெயிண்டை அடித்துப் பார்த்தவர் யாருமில்லை.

தண்ணீர் லாரியில் வருகிறது. கழிவும் லாரியில் போகிறது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்தபோது, இதே ஓ.எம்.ஆர். கம்பெனிகள் 'ஆபீசுக்கு வராதீர்கள், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்றன. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லையென்றால் கலாசாரம் விடுப்பில் போய்விடும். தண்ணீர் கூடிப்போன வருஷங்களும் உண்டு: 2015, 2023. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் கரையிலிருந்து தின்றுகொண்டே வந்து வீடு கட்டி விற்ற நகரம், மிஞ்சிய துண்டுக்கு 2022-ல் ராம்சார் பட்டம் கிடைத்ததும் கைதட்டிக்கொண்டது. அடுத்த வருஷமே மிக்ஜாம் புயல் வந்தது. பெரும்பாக்கம் பக்கம் முதல் மாடிக்கு இருபது லட்சம் கடன் வாங்கியவன் படகில் இறங்கினான். ஊரில் தாமிரபரணிக்கு நடந்துபோய்க் குளித்தவன்.

இனி பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். சேர்க்க வருகிற குழந்தையையும் அதன் பெற்றோரையும் உட்காரவைத்து நேர்காணல் நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்துவிட்டது. முதல் தடவை பிடிபட்டால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை. ஆகவே நம் பள்ளிகளில் நேர்காணலே கிடையாது. 'இன்டராக்‌ஷன்' மட்டும்தான். நன்கொடையும் கிடையாது, கட்டட நிதி, கரண்ட் இல்லாத நாளுக்கு ஜெனரேட்டர் நிதி, ஸ்மார்ட் கிளாஸ் நிதி. "அப்பா என்ன படிச்சிருக்கார்?" என்று அம்மாவைக் கேட்கிறார்கள். "வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களா?" என்று அப்பாவைக் கேட்கிறார்கள். குழந்தை மேஜைக்கு அடியில் போய், "ஏலே, இங்க பாரு பூனை" என்றதும் சீட்டு போய்விடுகிறது. பூனை நிஜமாகவே இருந்தது.

இத்தனைக்கும் நடுவே ஒருத்தி இருக்கிறாள். அவனோடு அதே கல்லூரியில், அதே வகுப்பில் படித்தவள், அரியர் வைக்காதவள். திருநெல்வேலியிலேயே ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தாள். பிள்ளையை ஆச்சி பார்த்துக்கொண்டாள். சென்னைக்குச் சாமான் லாரி கிளம்புவதற்கு முந்தின வாரம் இவள் ராஜினாமா கொடுத்தாள். அதற்குத் தெரு கூடவில்லை.

இங்கே வந்ததும் வேலை தேடாமலா இருந்தாள்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தையே திருத்தினார்கள். நம் ஆட்களும் அதை மதித்தார்கள். பல இடங்களில் காப்பகம் என்றால் எங்கேயோ இருக்கிற ஒரு பிளே ஸ்கூலோடு போட்ட 'டை-அப்', பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனோடு. நான்கு தடவை போய் வர வேண்டுமானால், மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ஓ.எம்.ஆரில் அன்றைக்கு முழுக்க அவள் ஆட்டோவில்தான் குடும்பம் நடத்த வேண்டும். கம்பெனியின் குடும்பப் பாசம் வருஷத்துக்கு ஒரு நாள் 'ஃபேமிலி டே' என்று பொங்கும். பலூன் கொடுப்பார்கள். முகத்தில் புலி வரைவார்கள். முதுகில் கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட், பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் தொங்கும். அன்றைக்கு மேடையேறி, 'நீங்களும் எங்கள் குடும்பம்தான்' என்று சொல்லும் அதிகாரியிடம், அப்படியானால் அந்த இரண்டரை லட்சத்தைக் குடும்பத்திலிருந்து யாராவது கொடுத்திருக்கலாமே என்று கேட்க நாக்கு துடிக்கும். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் ஞாபகம் வந்து அடங்கும்.

பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அவள் அதே சாலையில், அதே மாதிரி ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு இன்டர்வியூவுக்குப் போகிறாள். எச்.ஆர். அம்மணி ரெஸ்யூமேயை மேலும் கீழும் பார்க்கிறார். எத்தனை குடும்பங்களை இடம் மாற்றியிருப்பார், எத்தனை கடிதங்களில் 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று எழுதியிருப்பார்! நெற்றியைச் சுருக்கி, "மூணு வருஷம் கேப் இருக்கே, ஏன்?" என்கிறார்.

"உங்களாலதான்" என்று சொன்னால் வேலை கிடைக்காது. வேளச்சேரியில் இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிற பயிற்சி வகுப்பில் இதற்கென்றே தனியாக ஒரு பாடம் எடுக்கிறார்கள், அதற்கும் ஃபீஸ் உண்டு. "கம்பெனியையோ ஹஸ்பெண்டையோ குறை சொல்லாதீங்க மேடம். சிரிச்சிக்கிட்டே, பர்சனல் ரீசன்ஸ்னு சொல்லிடுங்க."