ஓட்ஸ் வயலில் ஒரு நரி

சினிமா ரசிகருக்கு ஒரு வசதி உண்டு. தலைவருக்கு முகம் இருக்கிறது. கட்அவுட் வைக்கலாம், பாலாபிஷேகம் செய்யலாம், வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். திறமூல மென்பொருளின் ரசிகர்தான் பாவம். அவர் உயிரையே வைத்திருப்பது பல லட்சம் வரி நிரல்மீது. அதன் தோளில் எங்கே கை போடுவது?

அதற்காக ஆசை அடங்கிவிடுமா என்ன?

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஆமிட்டி என்ற சிற்றூர்ப் பக்கம், ஓர் ஓட்ஸ் வயலுக்குள் இளவட்டங்கள் சிலர் பலகைகளோடு இறங்கினார்கள். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லினக்ஸ் பயனர் குழுவும் கூட்டாளிகளும். விளைந்து நின்ற பயிரை அளவு பார்த்து மிதித்து மடக்கி, ஃபயர்ஃபாக்ஸ் என்ற திறமூல பிரவுசரின் சின்னமான அந்தச் சுருண்ட நரியை வரைந்தார்கள். குறுக்களவு 220 அடி. ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. ஆனால் வரைந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால் நரியையும் காணோம், வாலையும் காணோம். சுற்றிலும் சாய்ந்த ஓட்ஸ்தான். ஆகவே விமானத்தில் ஏறிப் போய் மேலிருந்து போட்டோ எடுக்க வேண்டியதாயிற்று. காசே கேட்காத ஒரு பிரவுசருக்காக வயலும் விமானமும்! நெல் விளையும் ஊரில் பிறந்தவர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்தால் ரசனை இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது வயிற்றெரிச்சல்.

அதே ஆண்டு அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 2 வெளியானபோது, போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் குழு ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் அலுவலகத்துக்கு ஒரு கேக் அனுப்பியது. அதையும் போட்டோ எடுத்து ஊரெல்லாம் காட்டினார்கள். பதிலுக்கு ஒரு கேக் அனுப்பலாம், கூடவே செய்முறையையும் அனுப்பிவிட வேண்டும் என்று குறும்புக்காரர்கள் யோசனை சொன்னார்கள். மூல நிரலை ஒளிக்காமல் கொடுப்பவர்களுக்கு அதுதானே முறை!

ரசிகர்களுக்கென்று முறைப்படி போட்டி நடத்துகிறவர்களும் உண்டு. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு தன் புதிய பதிப்புகளுக்கான வால்பேப்பர் படங்களை ரசிகர்களிடம் கேட்டு வாங்கும். அதன் விதிகள் சுவாரசியமானவை. படத்தில் வணிகப் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. பதிப்பு எண் கூடாது. யார் வேண்டுமானாலும் எடுத்தாளவும் மாற்றவும் இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படத்தைத் தந்துவிட வேண்டும். ஆக, உபுண்டுமீது உள்ள பக்தியை உபுண்டு என்று சொல்லாமலே காட்டியாக வேண்டும். ரசிகர் என்ன செய்வார்? மலையையும் பூவையும் பனித்துளியையும் தேடிப் புறப்படுகிறார். விடியற்காலைக் குளிரில் முழங்கால் மடக்கி எடுத்த பனித்துளி தேர்வாகி, ஊர் பேர் தெரியாத கணினிகளுக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. அங்கே அதன் மேல் ஒரு குப்பைத்தொட்டிப் படம் உட்கார்ந்துகொள்கிறது. கணினிக்காரரோ முதல் வேலையாகப் பனித்துளியைத் தூக்கிவிட்டு, மொட்டையடித்த தன் பேரனின் போட்டோவை வைக்கிறார்.

போட்டியில் தோற்றவர் கதை இதைவிட நன்றாக இருக்கிறது. 1996-இல் லினக்ஸுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பென்குவின்மீது ஒரு கண். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு குட்டிப் பென்குவின் அவரைக் கடித்திருந்தது. கடித்ததைக் கோபிக்காமல் காதலித்துவிட்டார். வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும் பென்குவின்தான் வேண்டும் என்றார். லாரி யூயிங் அதை ஜிம்ப் என்ற திறமூல மென்பொருளிலேயே வரைந்தார். டக்ஸ் பிறந்தது. சின்னத்துக்கான போட்டிகளில் கலந்துகொண்டது, ஒன்றில்கூட வெல்லவில்லை. வென்ற சின்னங்கள் எப்படி இருந்தன என்று இன்று ஒரு லினக்ஸ் ரசிகரைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார். அவர் சட்டையில் இருப்பது டக்ஸ்.

பிஎச்பி என்ற நிரல்மொழிக்காரர்கள்தான் இந்தக் கூட்டத்தில் கொடுத்துவைத்தவர்கள். வின்சென்ட் பொந்தியே 1998-இல் வரைந்த நீல யானை அவர்களுக்குப் பஞ்சு பொம்மையாகவே கிடைக்கிறது. கையில் பிடிக்கலாம், பையில் வைக்கலாம். போகிற ஊருக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய், கோபுரமோ கடற்கரையோ பின்னால் தெரிய நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ‘குழந்தைக்கு வாங்கினீர்களா?’ என்று விமான நிலையத்தில் யாராவது கேட்டுவைத்தால், நாற்பது வயது நிரலர் ஆமாம் என்று தலையாட்டிவிடுவதே நல்லது. உண்மையைச் சொல்லப்போனால் விமானம் கிளம்பிவிடும்.