மாமியாருக்கு ஒரு நகல்

மணிமுத்தாறு அணைக்குக் கீழே என் பெரிய மச்சினனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வீடு ஒரு மூலை, மோட்டார் ரூம் ஒரு மூலை, மாட்டுத் தொழுவம் இன்னொரு மூலை. செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அவன் அம்மா, என் அத்தை, ஏற மாட்டாள். வாசலில் நின்றபடியே கூப்பிடுவாள். கரண்ட் போனாலும் ஓடுகிற அருமையான ஏற்பாடுதான். ஆனால் தெருவில் போகிறவர்களும் "என்னத்தே?" என்று நின்றுவிடுவார்கள்.

"ஆபீஸ்ல உள்ள மாதிரி நம்பர அமுக்குனா மோட்டார் ரூம்ல மணி அடிக்கணும் அத்தான்" என்றான் மச்சினன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரீசியனுக்குக் காசு கொடுப்பது அவனுக்குப் பிடிக்காது.

இதற்கென்றே ஆஸ்டரிஸ்க் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் லினக்ஸுக்கு உதவி செய்யும் சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கையில் காசில்லை. 1999-இல் தானே ஒன்றை எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாகவும் விட்டுவிட்டார். நம்மூரிலும் இந்த வைராக்கியம் இருந்திருக்கிறது. 1984-இல் தொடங்கிய சி-டாட், ஏசி இல்லாத கிராமத்து அறையிலும் ஓடுகிற மாதிரி 128 போர்ட் எக்ஸ்சேஞ்சைச் செய்து, 1986-இல் கர்நாடகத்துக் கிட்டூரில் வைத்துப் பார்த்தது. இன்று அந்த வேலையை உள்ளங்கை அகல ராஸ்ப்பெரி பை செய்கிறது. செல்போன் சார்ஜர் மாதிரி 5 வோல்ட் போதும். பழைய செல்போன்களில் லின்போன் ஆப்பைப் போட்டு, தோப்புக்குள் வைஃபை இழுத்து, ஆளுக்கொரு நம்பர் கொடுத்தேன். தொழுவத்துக்கு 103.

ஆஸ்டரிஸ்க்கோடு கூடவே ஒரு பெண் குரலும் வரும். கனடாவின் அலிசன் ஸ்மித். யாரும் எடுக்காவிட்டால் அதை இங்கிலீஷில் பவ்யமாகச் சொல்வார். முதல் நாளே அத்தை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"யாரு மாப்ளே இந்தப் பொம்பள? நம்ம மோட்டார் ரூம்ல இவளுக்கு என்ன சோலி?"

அந்தக் குரல் மூட்டைக்குள் சோதனைக்கென்று ஒரு வேடிக்கையும் உண்டு. ஏதோ கோளாறு, கூப்பிட்ட ஆட்களைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன என்று அறிவித்துவிட்டு, குரங்குக் கூட்டம் கீச்சிடும். அமெரிக்காவில் சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. வைஃபை கேபிளைக் குரங்கு இழுத்துப்போட்டது அதற்கு முந்தின வாரம்தான். "அதுக்கு எப்படித்தான் தெரிஞ்சதோ!" என்றான் மச்சினன்.

சரி, தமிழ்க் குரலே வைப்போம் என்று அத்தையைப் பேசச் சொன்னேன். மோனோ, 8000 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் தரம் வேண்டாம். அத்தை ஒத்திகையெல்லாம் பார்க்கவில்லை. "எடுக்கலியா? எங்கயாவது படுத்துக் கெடப்பான். சோறு ஆறிப்போவுது, வந்து தின்னுட்டுப் போவச் சொல்லு" என்றாள். ஒரே டேக்.

தோப்பில் இது பெரிய வெற்றி. அம்பாசமுத்திரத்தில் தனிக்குடித்தனம் இருக்கிற சின்ன மச்சினன் வந்து பார்த்தான். "அண்ணனுக்குப் போட்டத அப்படியே எனக்கும் ஒரு காப்பி போட்டுருங்க அத்தான்."

காப்பி போடுவது லேசு. எஸ்டி கார்டை அச்சு அசலாகப் பிரதி எடுக்க லினக்ஸில் டிடி என்று இரண்டே எழுத்துக் கட்டளை. எது மூலம், எது நகல் என்பதை மாற்றிச் சொன்னால் மறுகேள்வி கேட்காமல் மூலத்தைத் துடைத்துவிடும், அப்படியொரு பணிவு. 16 ஜிபி என்று எழுதியிருக்கும் இரண்டு கார்டுகளும் இரண்டு கடையில் வாங்கிய ஒரே சைஸ் சட்டை மாதிரி, ஒன்று கொஞ்சம் பிடிக்கும். கடைசியில் இடமில்லை என்று நின்றுவிட்டது. 32 ஜிபி வாங்கி வரச் சொன்னேன்.

நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. தானே மணிமுத்தாறு என்றுதான் எழுந்திருக்கும். அதனால் பெயரை மாற்றி, ஐபி எண்ணை மாற்றி, எஸ்எஸ்எச் சாவியைப் புதிதாகப் போட்டேன். "உங்க அம்மா குரலும் சேர்ந்து வருது, எடுத்துரவா?" என்றும் கேட்டேன்.

"அம்மா குரல்தானே, இருக்கட்டும்" என்றான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் அவள் அடுக்களையிலிருந்து மாடிக்கு அடித்திருக்கிறாள். அவன் எடுக்கவில்லை. சோறு ஆறிப்போவுது என்று போனுக்குள்ளிருந்து மாமியார் சொன்னதும், அடுப்பை அணைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். தெருவில் யாரும் இல்லை. அப்புறம் எனக்குப் போன்.

"ஏண்ணே, தனிக்குடித்தனம் வாரதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா? 32 ஜிபிக்குள்ள அடக்கி அனுப்பி வச்சிருக்கீங்களே!"

ஒரு ஃபைலை அழித்தால் போதும், உடனே செய்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அழிக்க வேண்டாம். என் நம்பருக்கும் பிள்ளைக நம்பருக்கும் எடுத்துருங்க. அவுக நம்பருக்கு மட்டும் இருக்கட்டும்."

கான்ஃபிக் ஃபைலில் ஓரிரு வரி மாற்றம்தான். இப்போது அவன் போனை எடுக்காத போதெல்லாம், கூப்பிடுவது பெண்டாட்டியானாலும் பிள்ளைகளானாலும், படுத்துக் கெடப்பான் என்று பெற்ற தாயே சாட்சி சொல்கிறாள். செய்தி தோப்புக்கும் போயிற்று. "அங்கயும் நாந்தான் பேசுதேனா?" என்று அத்தைக்கு முகமெல்லாம் பல்.

சின்ன மச்சினன் என்னைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டான்: "அந்தக் குரங்குச் சத்தம் இன்னும் இருக்கா அத்தான்? எனக்கு அதையே போட்டு விட்டுருங்க."