நகரத்தை இரண்டாக்குவது எப்படி? வல்லரசுகளுக்கு எளிய வழிகாட்டி

போரில் ஜெயித்துவிட்டீர்கள். வாழ்த்துகள்! இனிக் கூட்டாளியோடு சண்டை போடவேண்டிய நேரம். அதற்கு நேரடிப் போர் வேண்டாம், செலவு அதிகம். ஒரு நகரம் போதும். பெர்லினை வைத்துக்கொண்டு நான்கு வல்லரசுகள் 45 ஆண்டுகள் ஓட்டிய அனுபவத்தைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். நீங்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், இரு தரப்புக்கும் பாடம் உண்டு. பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் ஒழுங்காகச் செய்வோம்.

1. அடுத்தவர் பங்குக்கு நடுவில் இருக்கும் நகரத்தைக் கேளுங்கள்.
1944 செப்டம்பர் 12 அன்று லண்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஜெர்மனியைக் காகிதத்தில் பங்கு போட்டன. ஜெர்மனி அப்போது இன்னும் தோற்கவில்லை. அதனால் என்ன? பெர்லின் விழுந்தது சோவியத் மண்டலத்துக்குள், மேற்கு எல்லையிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தள்ளி. அந்த நகரத்தையும் தனியாகப் பங்கு போட்டார்கள். பின்னால் பிரான்சும் வந்து சேர, நாலு பங்கு. பாகப்பிரிவினையில் நிலம் அண்ணனுக்கு, நிலத்தின் நடுவில் உள்ள கிணறு எல்லோருக்கும் பொது என்று எழுதுவார்களே, அதே ரகம். பேரன் காலம் வரை வழக்கு நடத்தலாம்.

2. போகவர வழியை எழுதி வாங்காதீர்கள்.
1945 ஜூன் 29 அன்று அமெரிக்க ஜெனரல் கிளேயும் பிரிட்டிஷ் ஜெனரல் வீக்ஸும் சோவியத் மார்ஷல் ஷுக்கோவைச் சந்தித்து, எந்தச் சாலை, எந்த ரயில்பாதை என்று வாய்மொழியாகப் பேசி முடித்தார்கள். கையெழுத்து கேட்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் வான்வழிக்கு மட்டும் எழுத்து வந்தது: தலா 32 கிலோமீட்டர் அகலத்தில் மூன்று பாதைகள். விமானங்கள் மோதிக்கொள்ளக் கூடாதே என்ற கவலைதான் காரணம். ஆக, ஆகாயத்துக்குப் பட்டா உண்டு, தரைக்குக் கிடையாது. “நமக்குள்ள எதுக்குங்க எழுத்தெல்லாம்?” என்று சொல்லிப் பழகுங்கள். உங்களுக்கு அது சரளமாகவே வரும்.

3. வழியை மூடுங்கள், மூடியதாக மட்டும் சொல்லாதீர்கள்.
1948 ஜூனில் மேற்கு மண்டலங்களில் டாய்ச் மார்க் என்ற புதுப் பணம் வந்தது. சோவியத் தரப்பும் போட்டிப் பணம் விட்டது. அச்சடிக்க அவகாசம் இல்லாததால் பழைய நோட்டிலேயே ஒரு சீட்டை ஒட்டி விட்டார்கள். ஜூன் 24 அன்று ரயில், சாலை, கால்வாய் எல்லாம் அடைபட்டன. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. முற்றுகை என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. “தொழில்நுட்பக் கோளாறு”, “பாலம் பழுது பார்க்கிறோம்” என்று சொல்லுங்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் சோற்றில் கைவைத்த அந்தக் கோளாறு சரியாகப் பத்தரை மாதம் ஆனது.

4. மூடப்பட்ட தரப்பு நீங்கள் என்றால், தாராளமாக வாழவையுங்கள்.
மூன்று ஆண்டுகளுக்கு முன் குண்டு போட்ட நகரத்துக்கு இப்போது மாவும் நிலக்கரியும் போடுங்கள். ஏறத்தாழ 2.75 லட்சம் தடவை பறந்து 23 லட்சம் டன் இறக்கினார்கள். கெய்ல் ஹால்வர்சன் என்ற விமானி தன் இஷ்டத்துக்குக் கைக்குட்டைகளில் சாக்லேட் கட்டிக் குழந்தைகளுக்கு வீசினார். இங்கே கவனம் தேவை: முதலில் அவரைத் திட்டுங்கள், ஒழுங்கு முக்கியம். பத்திரிகைகளில் நல்ல பெயர் வந்ததும் அதையே அரசின் திட்டமாக அறிவித்துவிடுங்கள்.

5. கெடு வையுங்கள். கெடு நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.
1958 நவம்பர் 27 அன்று சோவியத் தலைவர் குருஷேவ் கெடு விதித்தார்: ஆறு மாதத்துக்குள் மேற்கத்தியப் படைகள் பெர்லினை விட்டுக் கிளம்ப வேண்டும், மேற்கு பெர்லின் “சுதந்திர நகரம்” ஆக வேண்டும். 1959 மே 27, கெடு நாள். உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் ஜெனீவாவில் பேசிக்கொண்டிருந்த நாலு வெளியுறவு அமைச்சர்களும் அன்று வாஷிங்டனில் முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸின் இறுதிச் சடங்கில் நின்றுகொண்டிருந்தார்கள். கெடு போன இடம் தெரியவில்லை. 1961 ஜூனில் வியன்னாவில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியிடம் மறுபடி ஆறு மாதம் என்றார் குருஷேவ். அக்டோபரில் அதுவும் வாய்தா. ஆறு மாதம் என்பது அனுபவஸ்தர்களின் அளவு: மிரட்டியதாகவும் இருக்கும், மறக்கவும் நேரம் கிடைக்கும்.

6. பேச்சுவார்த்தையில் முதலில் மேசையைப் பற்றிப் பேசுங்கள்.
ஜெனீவாவில் பெரியவர்களுக்கு வட்டமேசை. யாருடைய நாட்டைப் பற்றிப் பேச்சோ அந்த ஜெர்மானியர்களுக்கு, மேற்குக்கு ஒன்று கிழக்குக்கு ஒன்றாகப் பக்கத்தில் தனித்தனி மேசை, “ஆலோசகர்கள்” என்ற பெயரில். வீட்டுக்காரரை வெளியே நிறுத்துவது அநாகரிகம். உள்ளே விட்டு ஓரமாக உட்காரவைப்பதே ராஜதந்திரம்.

7. சுவர் கட்டுமுன், கட்டமாட்டேன் என்று சொல்லுங்கள்.
1949 முதல் 1961க்குள் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கு ஜெர்மனியை விட்டு ஓடினார்கள். டாக்டர், எஞ்சினியர், ஆசிரியர் என்று ஒரு நாடே பெட்டி கட்டியது. மக்கள் ஓடினால் ஆட்சியைத் திருத்தப் புறப்படாதீர்கள், அது நெடுநாள் வேலை. கதவைப் பூட்டுவது ஒரு ராத்திரி வேலை. 1961 ஜூன் 15 அன்று நிருபர்கள் கூட்டத்தில், “சுவர் எழுப்பும் எண்ணம் எவருக்கும் இல்லை” என்றார் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட். கேட்ட நிருபர் சுவர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இரண்டே மாதம், ஆகஸ்ட் 13, ஊர் தூங்கும் ஞாயிறு அதிகாலை: முள்கம்பி. பிறகு கான்கிரீட். மேற்கு பெர்லினைச் சுற்றி மொத்தம் 155 கிலோமீட்டர். “பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்” என்று பெயர் சூட்டினார்கள். பாசிஸ்டுகள் வெளியே இருந்தால் துப்பாக்கி ஏன் உள்பக்கம் பார்க்கிறது என்று எவராவது கேட்டால், அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. எதிரே சுவர் எழுந்தால் உரக்கக் கண்டியுங்கள், உள்ளுக்குள் நிம்மதி அடையுங்கள்.
ஜூலை 25 அன்றே கென்னடி தன் உரையில் மேற்கு பெர்லினைக் காப்போம் என்று அழுத்திச் சொல்லிவிட்டார். கிழக்கைப் பற்றி வாக்குறுதி கொடுக்கவில்லை. கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்டது. முள்கம்பி விழுந்த ஞாயிறு அவர் கடலில் படகில் இருந்தார். போரைவிடச் சுவர் எவ்வளவோ மேல் என்று நெருங்கியவர்களிடம் சொன்னார். மாஸ்கோவுக்குக் கண்டனக் கடிதம் நான்காம் நாள் போனது. துணை ஜனாதிபதி ஜான்சனும் 1,500 வீரர்களும் அனுப்பப்பட்டார்கள். மக்கள் பூத்தூவி அழுதார்கள். சுவர் அங்கேயே இருந்தது. அதைத் தாண்டப் பார்த்தும் அதன் ஓரத்தில் சிக்கியும் குறைந்தது 140 பேர் செத்தார்கள். அவர்களுக்குச் சிலுவை நடுவதும் மாலை வைப்பதும் உங்கள் வேலை. தடுப்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

9. உலகப் போரின் விளிம்புக்குப் போக அற்பக் காரணம் ஒன்றை வைத்திருங்கள்.
1961 அக்டோபர் 22 மாலை, அமெரிக்கத் தூதரக அதிகாரி லைட்னர் மனைவியோடு கிழக்கு பெர்லினில் ஒரு கலை நிகழ்ச்சிக்குக் கிளம்பினார். கிழக்கு ஜெர்மன் போலீஸ் அடையாளச் சீட்டு கேட்டது. காட்டினால் அந்த நாட்டை அங்கீகரித்ததாகிவிடும்! சோவியத் அதிகாரி வந்து கேட்கட்டும் என்றார். ஐந்தே நாளில் செக்பாயின்ட் சார்லி எல்லை வாயிலில் அமெரிக்க, சோவியத் டாங்கிகள் கூப்பிடு தூரத்தில் முகம் பார்த்து நின்றன, பதினாறு மணி நேரம். பின்வாங்கும் முறையைக் கவனியுங்கள்: யாரும் பார்க்காத வழியில் ரகசியத் தூது அனுப்புங்கள். அவர்கள் ஒரு டாங்கியை ஐந்து மீட்டர் பின்னால் எடுக்கட்டும், நீங்களும் ஒன்றை எடுங்கள். எல்லாம் போனபின் இருவரும் “நாங்கள் அசையவில்லை” என்று அறிக்கை விடுங்கள்.

10. உறவினர்களைப் பார்க்க அனுமதிச் சீட்டு கொடுங்கள்.
சுவருக்குப் பின் மேற்கு பெர்லின்காரர்கள் கிழக்கில் இருந்த அம்மா அப்பாவைப் பார்க்க 28 மாதம் காத்திருந்தார்கள். 1963 கிறிஸ்துமஸுக்கு ஒப்பந்தம் வந்தது. ஊர்ப்பெயரையும் அலுவலகப் பெயரையும் எப்படி எழுதுவது என்பதில் உடன்பாடு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டரை வாரத்தில் சுமார் 12 லட்சம் தடவை மக்கள் சென்றுவந்தார்கள். இதைக் கருணை என்று விளம்பரப்படுத்துங்கள். தொலைபேசி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்: 1952இல் வெட்டிய நகர இணைப்புகளை 1971இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் பத்து.

11. ஒத்துழைப்புக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.
எதிலும் ஒத்துப்போகாத நால்வரும் ஸ்பாண்டாவ் சிறையில் மட்டும் மாதம் ஒருவர் என்று முறைவைத்துக் காவல் காத்தார்கள். சுமார் 600 பேரை அடைக்கக்கூடிய அந்தச் சிறையில் 1966 முதல் 1987 வரை இருந்தவர் நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் ஒருவரே. முறை ஒருமுறைகூடத் தவறவில்லை. மனிதர்களைச் சேர்த்துவைக்க முடியாதவர்கள் ஒரு கைதியைச் சேர்ந்து காக்க முடியும் என்பது உலகுக்கு நம்பிக்கை தரும் செய்தி.

12. சமாதானம் செய்யும்போது எதைப் பற்றி என்று சொல்லாதீர்கள்.
ஒன்றரை ஆண்டு பேசி 1971 செப்டம்பர் 3 அன்று நால்வரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அது முழு பெர்லினையும் பற்றியதா, மேற்கை மட்டுமா என்பதில் இறுதிவரை ஒத்துவரவில்லை. எனவே முகவுரையில் “சம்பந்தப்பட்ட பகுதி” என்று எழுதினார்கள். அதற்கப்புறம் பயணம் சுலபமானது, நெருக்கடி குறைந்தது என்பது உண்மைதான். ஆனால் பாராட்ட வேண்டாம், இந்த வழிகாட்டியின் மதிப்பு குறையும்.

13. கீழ்மட்ட அதிகாரிகளைக் கண்காணியுங்கள்.
நாலு பத்தாண்டுத் திறமையெல்லாம் ஒரே இரவில் வீணானது இங்கேதான். 1989 நவம்பர் 9 மாலை கிழக்கு பெர்லினில் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி ஒரு சீட்டைச் சரியாகப் படிக்காமல் நிருபர்கள் கூட்டத்துக்கு வந்து, பயணக் கட்டுப்பாடு தளர்வு எப்போது முதல் என்ற கேள்விக்கு, “எனக்குத் தெரிந்தவரை உடனடியாக” என்றார். மக்கள் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு எல்லைக்கு நடந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெரு வாயிலில் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி மேலிடத்துக்குப் போன்மேல் போன் போட்டார். உருப்படியான உத்தரவு எதுவும் வரவில்லை. இரவு பதினொன்றரை வாக்கில் அவராகவே திறந்துவிட்டார்.

அந்நேரம் கோர்பச்சோவ் மாஸ்கோவில் தூங்கிக்கொண்டிருந்தார். மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கோல் வார்சாவில் இருந்தார். வாஷிங்டன் செய்தி பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒரு தலைவரும் அந்தக் கதவைத் தொடவில்லை. எனவே உங்களுக்கான கடைசிப் பாடம்: விடிந்ததும் எழுந்து, முகம் கழுவி, “இது என் உறுதியான கொள்கையின் வெற்றி” என்று அறிக்கை விடுங்கள். நால்வருமே விடலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். நடந்து போனவர்கள் அறிக்கை எதுவும் விடப்போவதில்லை.