வலம்புரியின் வாய்க்குள்ளே

கேள்வி: ராமேஸ்வரம் போன்ற ஊர்களில் 'வலம்புரி' என்று எதையோ கொடுத்தாலும், வாங்குகிறவர் கும்பிட்டு நிம்மதியாக இருக்கிறாரே, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி எடுக்கிற சங்குகளில் மிக அபூர்வமாகத்தான் ஒன்று எதிர்ப்பக்கம் சுழன்றிருக்கும். அதுதான் வலம்புரி. அந்த அபூர்வத்துக்குத்தான் விலை. ஆனால் அந்தப் பெயரில் சந்தைக்கு வருகிற பலவும் அமெரிக்கக் கடலோரத்து நத்தை ஒன்றின் ஓடு. அதற்கு அப்படிச் சுழல்வதே இயல்பு. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தட்டுப்படும், அந்த நத்தை ஓட்டில் அந்த வரிசையே இருக்காது.

பக்தி உண்மைதானே என்பீர்கள். உண்மைதான், அதனால்தான் குற்றம் கூடுகிறது. சந்தேகப்படவே கூசுகிற இடத்தில் அல்லவா கை வைக்கிறார்கள்! விளம்பரம் என்றாலே மிகைதான் என்றும் சொல்வார்கள். 'இதைவிட அழகான சங்கு கிடையாது' என்பது மிகை. அதை யாரும் அளந்து பார்த்து வாங்குவதில்லை. 'வலம்புரி' என்பதோ பொருள் இன்னதென்று சொல்லும் உறுதிமொழி. பொருளைப் பொய்யாக விவரிப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரம் என்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நஷ்டம் வாங்கியவரோடும் நிற்பதில்லை. கீழக்கரையில் சங்கு குளிப்பவர் நிஜ வலம்புரியோடு கரையேறினாலும், அவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.